68,000 ரூபாய் மிச்சம்... அது சன்ரூஃபுக்கா, இன்ஜினுக்கா? பட்ஜெட் எஸ்.யூ.வி வாங்குறவங்க கவனிக்க வேண்டியவை!

2025 செப்டம்பர் 22. ஜி.எஸ்.டி குறைப்பு அமலுக்கு வந்த அன்று கார் ஷோரூம்களில் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது. அதுவரை சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவிகித ஜி.எஸ்.டி, அதன் தலையில் 1 சதவிகித செஸ். இப்போது எல்லாம் சேர்த்து 18 சதவிகிதம்தான். கணக்குப் போட்டால், முன்பு எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சமாக இருந்த ஒரு காருக்கு, வரிக்குறைப்பை முழுசாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட 68,000 ரூபாய் குறையும்.

சரி, அந்த 68,000-ஐ என்ன செய்வது? பலரும் செய்வது ஒன்றுதான்... ஒரு வேரியன்ட் மேலே போவது. கொஞ்சம் பெரிய டச் ஸ்க்ரீன், ஒரு சன்ரூஃப், அலாய் வீல். தப்பில்லை. ஆனால், 7 வருஷம் இ.எம்.ஐ கட்டப்போகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பானெட்டுக்குக் கீழே இருக்கும் விஷயத்தை. 8 லட்சம் லோன், 9 சதவிகித வட்டி, 84 மாதம் என்றால், மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டுமே 2.8 லட்சம். முதல் வேலை, முதல் கார், முதல் லோன்னு இருக்கிற ஒருத்தருக்கு இது சின்ன விஷயமில்லை. வண்டி மேட்டில் திணறினாலும், அடிக்கடி ஒர்க்ஷாப்பில் படுத்தாலும் தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டே இருக்கும்.

1,200 என்ற மேஜிக் நம்பர்

டாடா பன்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், மாருதி ஃப்ரான்க்ஸ், நிஸான் மேக்னைட், ரெனோ கைகர்... இந்த அஞ்சு வண்டிகளின் ஸ்பெக் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்ச் 1,199 சிசி. எக்ஸ்டர், ஃப்ரான்க்ஸ் இரண்டும் 1,197 சிசி. மேக்னைட்டும் கைகரும் 999 சிசி. நீளம்? மேக்னைட் 3,994 மி.மீ, ஃப்ரான்க்ஸ் 3,995 மி.மீ. ஏதோ ஒரு சுவரில் முட்டி நின்ற மாதிரி இருக்கிறதா? ஆமாம், அது வரிச் சுவர்.

2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கான கலால் வரி 24-லிருந்து 16 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. சின்ன கார் என்றால் என்ன என்பதற்கு அரசு வைத்த அளவு: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். கிட்டத்தட்ட இருபது வருஷமாக அதே கோடுதான். ஜி.எஸ்.டி வந்தபோதும் மாறவில்லை, இப்போதைய குறைப்பிலும் மாறவில்லை. கோட்டைத் தாண்டினால் 40 சதவிகிதம். அதனால் கம்பெனிகள் எல்லாமே கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டுதான் வண்டியை டிசைன் பண்ணுகின்றன.

பாடியை எஸ்.யூ.வி மாதிரி உயரமாக, முரட்டுத்தனமாகக் காட்டலாம். ஆனால் உள்ளே இருப்பது ஹேட்ச்பேக் இன்ஜின். எக்ஸ்டருக்கும் ஐ10 நியோஸுக்கும் ஒரே 1.2 இன்ஜின். ஃப்ரான்க்ஸுக்கும் பெலினோவுக்கும் ஒரே 1.2 இன்ஜின். நான்கு சக்கரத்துக்கும் இழுவை கிடையாது, முன் சக்கரங்கள் மட்டும்தான். இது குறையில்லை. பல வருஷம் ஓடித் தேறிய இன்ஜின் என்பது நம்பகத்தன்மைக்கு ப்ளஸ்தான். ஆனால், 'எஸ்.யூ.வி வாங்குறேன், மலையே ஏறும்'னு நினைத்து வாங்கினால் ஏமாற்றம் உறுதி.

பேப்பர்ல 87... ரோட்ல எவ்வளவு?

பன்ச்சின் டர்போ இல்லாத 1.2 பெட்ரோல் இன்ஜின் சுமார் 87 பிஹெச்பி, 115 நியூட்டன் மீட்டர் டார்க். எக்ஸ்டர் 82 பிஹெச்பி, 114 நியூட்டன் மீட்டர். ஃப்ரான்க்ஸ் 1.2-ல் 89 பிஹெச்பி, 113 நியூட்டன் மீட்டர். மேக்னைட்டின் டர்போ இல்லாத 1.0 இன்ஜின் 71 பிஹெச்பி, 96 நியூட்டன் மீட்டர்.

டெஸ்ட் டிரைவில் நீங்கள், பக்கத்தில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், ஏ.சி ஜில்லென்று... நாலு கிலோமீட்டர் தட்டையான ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். இப்போது ஒரு கணக்கு. வண்டி எடை ஒரு டன் என்று வையுங்கள். 87 பிஹெச்பி இன்ஜின் ஒரு டன்னை இழுக்கிறது. சராசரி 65 கிலோ என நாலு பேர், 40 கிலோ லக்கேஜ் - மொத்தம் 300 கிலோ கூடுகிறது. இப்போது ஒரு டன்னுக்குக் கிடைப்பது 67 பிஹெச்பிதான். அதாவது, இதே வண்டி ஃபுல் லோடில் வேறு வண்டி. 71 பிஹெச்பி இன்ஜினில் இதே கணக்கு போட்டால் 55-க்கு வந்துவிடும். ஏ.சி கம்ப்ரஸரைச் சுற்றுவதும் அதே இன்ஜின்தான். சித்திரை வெயிலில் அதுவும் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்தது உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி தரைமட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் வெளியில் இருக்கும் காற்றை அப்படியே இழுத்து எரிக்கிறது. காற்று குறைந்தால் பவரும் அதே அளவுக்குக் குறையும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில் வண்டி முனகுவதற்குக் காரணம் ரிப்பேர் இல்லை, இயற்பியல்.

டர்போ எடுக்கலாமா?

வெளியேறும் புகையின் வேகத்தை வைத்து ஒரு சின்ன டர்பைனைச் சுழற்றி, அதன் மூலம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. அதே மேக்னைட், அதே 999 சிசி... டர்போ சேர்த்ததும் 99 பிஹெச்பி, 160 நியூட்டன் மீட்டர். ஃப்ரான்க்ஸின் 1.0 டர்போ 99 பிஹெச்பி, 147.6 நியூட்டன் மீட்டர்.

உச்ச எண்ணைவிட முக்கியமானது, அது எந்த ஆர்.பி.எம்மில் கிடைக்கிறது என்பது. ஃப்ரான்க்ஸ் 1.2-ல் முழு டார்க் 4,400 ஆர்.பி.எம்மில்தான் கைக்கு வரும். டர்போவில் 2,000-த்திலேயே தொடங்கி 4,500 வரை நிற்கும். நாம் தினமும் ஓட்டுவது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில்தானே? டூ லேன் ரோட்டில் முன்னால் போகிற லாரியைத் தாண்டும்போது கியரைக் குறைத்து, இன்ஜினை அலறவிட்டு, எதிரே பஸ் வருதான்னு பதறுவதற்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் சட்டென்று தாண்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே பிக்கப் என்பது ஜாலி விஷயமல்ல, பாதுகாப்பு.

ஆனால் டர்போவுக்கு ஒரு குணம் உண்டு: கவனிப்பு கேட்கும். டர்பைன் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றியே ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டோல்கேட் ஓர டீக்கடையில் நிறுத்தினால், உடனே சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிற ஆள் நீங்கள் என்றால், டர்போ இல்லாத இன்ஜின்தான் உங்களுக்கு நல்லது. நேர்மையாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூணு சிலிண்டர்னா மட்டமா?

இது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடுகிற பஞ்சாயத்து. பன்ச்சில் மூன்று சிலிண்டர், எக்ஸ்டரில் நான்கு. நான்கு சிலிண்டரில் கிராங்க் ஷாஃப்ட் 180 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு பவர் ஸ்ட்ரோக் வரும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒருமுறை. இடைவெளி அதிகம் என்பதால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். அது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம், ஆயுள் சம்பந்தப்பட்டதல்ல. பாகங்கள் குறைவு, உராய்வு குறைவு என்பதால்தான் கம்பெனிகள் மூன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. மூன்று சிலிண்டர் பன்ச்தான் 2024-ல் 2 லட்சம் கார்களுக்கு மேல் விற்று, இந்தியாவின் நம்பர் ஒன் காராக வந்தது. சுமார் 40 வருஷத்தில் மாருதி அல்லாத கார் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நிறைய விற்பது வேறு, நிறைய நாள் உழைப்பது வேறு. முதலாவதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு?

நட்சத்திரம் இல்லாத ஏரியா

விபத்தில் ஒரு கார் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நட்சத்திரம் தருகிறது. மைலேஜுக்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. ஆனால், ஐந்து வருஷம் ஓடிய பிறகு எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்று சொல்ல நம் ஊரில் அரசு தரும் மதிப்பீடு எதுவும் கிடையாது. ஜெர்மனியில் ஒரு கார் 3 வருஷம் ஆனதும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும், பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறை. அந்தப் பரிசோதனைகளில் எந்த மாடலில் எத்தனை சதவிகிதம் கோளாறு என்பது டி.யூ.வி அறிக்கையாக வருஷா வருஷம் வெளியாகிறது. இங்கே சொந்த உபயோகத்துக்கான காருக்கு 15 வருஷம் கழித்து ஆர்.சி புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. நடுவில் என்ன நடந்தது என்பது சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் தூங்குகிறது.

வரியை நீளத்துக்கும் சிசிக்கும் பார்த்துக் குறைக்கும் அரசு, உழைப்புக்கும் சேர்த்து ஒரு அளவுகோல் வைத்தால் கம்பெனிகளின் போட்டி சன்ரூஃபிலிருந்து வேறு பக்கம் திரும்பும். அதுவரை அந்தத் தகவலை நாமேதான் தேடிப்பிடிக்க வேண்டும்.

எப்படி? நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியை டாக்ஸியாக ஓட்டும் டிரைவர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் ஒரு நிமிடத்தில் சொல்லும் பதில், நூறு ரிவ்யூ வீடியோவுக்குச் சமம். "கிளட்ச் எத்தனை ஆயிரத்துல மாத்துனீங்கண்ணே?", "ஏ.சி கேஸ் நிக்குதா?", "ஸ்பேர் கேட்டா எத்தனை நாள்ல வருது?" இந்த மூணு கேள்வி போதும். வழக்கமாக வண்டியை நிறுத்திவைப்பது இன்ஜின் வெடிப்பதில்லை. பேட்டரி, சென்சார், சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச், ஏ.சி போன்ற சில்லறை விஷயங்கள்தான்.

கியர் மாத்துறது யாரு?

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே வேறு வேறு சமாசாரம். பன்ச், எக்ஸ்டரில் கிடைக்கும் ஏ.எம்.டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் இடது காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் கிளட்ச்சை மிதிக்கிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, பராமரிப்பும் எளிது. ஆனால் மேம்பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால், பாதி பிடித்த கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். கருகிய வாடை வந்தால் அதுதான். மேக்னைட் டர்போவில் வரும் சி.வி.டியில் கியர் படிகளே இல்லை. சிட்டிக்கு அருமையான சொகுசு. ஆனால் மேனுவலில் 160 ஆக இருக்கும் டார்க் அதில் 152. தினமும் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் என்றால், 68,000-ஐ சன்ரூஃபைவிட நல்ல ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுப்பது உங்கள் முழங்காலுக்குச் செய்யும் உபகாரம்.

சி.என்.ஜி? கிலோமீட்டருக்கான செலவு குறையும், பவரும் குறையும். பன்ச் சி.என்.ஜி 72 பிஹெச்பி, 103 நியூட்டன் மீட்டர். 366 லிட்டர் டிக்கி 210 ஆகிவிடும். 3 வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்குச் சரி. வாரம் ஒருநாள் கோயிலுக்கும் மாலுக்கும் போகிறவருக்குத் தேவையில்லை.

மைலேஜ் கணக்கும் இ20 தகராறும்

இந்த வண்டிகளின் பெட்ரோல் மேனுவல் வேரியன்ட்களுக்குச் சொல்லப்படும் மைலேஜ் ஏறக்குறைய 19 முதல் 22. இது ரோட்டில் எடுத்ததல்ல. ஆய்வகத்தில் ரோலர் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சியை ஆஃப் செய்து, 90 கி.மீ வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி அளந்தது. டிராஃபிக் நெரிசலில் 14 கொடுத்தால் ஆச்சர்யப்படாதீர்கள். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 20 மைலேஜுக்கு 5,050 ரூபாய். 14-க்கு 7,200 ரூபாய். பட்ஜெட் போடும்போது இரண்டாவதை எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் இ20 பெட்ரோல் வேறு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவிகிதக் கலப்பு 20 ஆகும்போது லிட்டருக்கான ஆற்றல் மூன்றரை சதவிகிதம் அளவுக்குக் குறைகிறது. அதற்கென்றே ட்யூன் செய்த இன்ஜின் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 2023 ஏப்ரலிலிருந்தும், இ20-க்கு ட்யூன் செய்த இன்ஜின் 2025 ஏப்ரலிலிருந்தும் வர வேண்டும் என்பது நிதி ஆயோக் போட்ட திட்டம். புது வண்டி வாங்குபவருக்குப் பெரிய கவலையில்லை. செகண்ட் ஹேண்டில் 2020, 2021 மாடல் தேடுபவர்கள், வண்டி எந்தக் கலப்புக்கு ஏற்றது என்று ஓனர்ஸ் மேனுவலில் கட்டாயம் பார்க்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், எந்த வண்டியாக இருந்தாலும் பெட்ரோலை நிரப்பி மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்திவைக்கவும் கூடாது.

கம்பெனி நிக்குமா, வண்டி நீந்துமா?

2013-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 4 மீட்டருக்குள் 1.0 டர்போ பெட்ரோலைக் கொண்டுவந்த முன்னோடி. 123 பிஹெச்பி. உலக அளவில் விருதுகள் வாங்கிய இன்ஜின். ஓட்டியவர்கள் இன்றும் உருகுவார்கள். ஆனால் 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று சொன்னாலும், சேல்ஸ் இல்லாத ஊரில் ஷோரூம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? நல்ல இன்ஜின் மட்டும் நம்பகத்தன்மை ஆகாது என்பதற்கு நம் ஊர் உதாரணம் இது. உங்கள் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பது பிஹெச்பியைவிட முக்கியமான எண்.

கடைசியாக, மழை. 187 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது ஸ்பீடு பிரேக்கருக்கும் பள்ளத்துக்கும்தான். அந்த ஆழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது எஸ்.யூ.வி, ஹேட்ச்பேக் என்று தண்ணீர் பார்க்கவில்லை. காற்று இழுக்கும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் ஆஃப் ஆன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், டோ பண்ணுங்கள். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்த இன்ஜின் சேதம் பொதுவாக வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் போறீங்களா?

* தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, ஏ.சியை ஃபுல்லில் வைத்து, ஒரு மேம்பாலத்திலாவது ஏற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள்.

* நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸைத்தான் ஓட்ட வேண்டும். டர்போவை ஓட்டிப் பார்த்துவிட்டு, டர்போ இல்லாததை புக் பண்ணாதீர்கள்.

* அஞ்சு வருஷ சர்வீஸ் செலவு, கிளட்ச் செட் விலை, எக்ஸ்டெண்டட் வாரன்ட்டியில் எதெல்லாம் வராது... மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

* ஆபீஸுக்கு தினமும் நாலு கிலோமீட்டர்தான் என்றால், இன்ஜின் முழுசாகச் சூடாகவே நேரம் கிடைக்காது. ஆயில் மாற்ற கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நீளமாக ஓட்டுங்கள்.

சிட்டிக்குள் மட்டும், இரண்டு பேர், நிதானமான ஓட்டம் என்றால் டர்போ இல்லாத 1.2 தாராளம். மாதம் ஒருமுறை ஃபேமிலியோடு ஊருக்கு, வருஷம் ரெண்டு தடவை மலைக்கு என்றால் டர்போவுக்கு நகருங்கள், ஆயிலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சன்ரூஃப் வழியாக எட்டிப்பார்க்கும் ஆசை ஒரு மாசத்தில் தீர்ந்துவிடும். மீதி 83 தவணைக்கும் உங்களைச் சுமக்கப்போவது இன்ஜின்தான் பாஸ்!